வரப்பு தெருவாகும்போது: வேலூர்ப் புறநகர்கள் நகரமாகும் விதம்

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் பாகாயம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால் வேலூரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிடலாம். சித்தூர் பஸ் ஸ்டாண்டு, விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், பழைய பஸ் ஸ்டாண்டு, கோட்டை, தொரப்பாடி, அப்புறம் பாகாயம். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்கள் ஓடுகிற தடம் இது. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் கடைகளும் மாடிகளும் விட்டுப்போகாமல் வந்துகொண்டே இருக்கும். ஆற்றைத் தாண்டும் அந்தச் சில நிமிஷங்கள் தவிர, ஊர் எங்கேயும் முடிகிற மாதிரித் தெரியாது.

ஆனால் காட்பாடிக்காரரிடம் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வேலூருக்குப் போறேன்" என்பார். சத்துவாச்சாரியில் இருப்பவரும் அதையேதான் சொல்வார். இரண்டு பேர் வீட்டுக்கும் வரி போடுவது வேலூர் மாநகராட்சி. இருந்தும் அவர்கள் மனத்தில் வேலூர் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. இந்தப் பேச்சு வழக்கை நான் முக்கியமாக நினைக்கிறேன். புறநகர் எப்போது நகரமாகிறது என்ற கேள்விக்கு அரசாணை ஒரு பதில் சொல்கிறது, அங்கே குடியிருப்பவர்களின் வாய் வேறொரு பதில் சொல்கிறது.

அரசாணையின் பதில் சுருக்கமானது. 1866-இல் நகராட்சியான வேலூர், 2008 ஆகஸ்ட் 1 அன்று மாநகராட்சியானது. 2011-இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, கழிஞ்சூர், அல்லாபுரம், தொரப்பாடி போன்ற சுற்றுவட்டார ஊர்கள் உள்ளே வந்து 60 வார்டுகள் ஆயின. அதே 2011 மக்கள்தொகைக் கணக்கில் பழைய நகர எல்லைக்குள் இருந்தவர்கள் 1,85,803 பேர். சுற்றுப்புறத்தையும் சேர்த்த தொகுப்பில் 4.8 லட்சத்துக்கு மேல். அதாவது வேலூர்க்காரர்களில் பாதிக்கும் அதிகமானவர்கள் அப்போதே புறநகர்வாசிகள். கோட்டையும் லாங்கு பஜாரும் ஊரின் முகம் என்றாலும், ஊரின் உடம்பு எப்போதோ வெளியே போய்விட்டது.

பழைய டவுன் எப்படி நகரமாக இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, வேலப்பாடி, தோட்டப்பாளையம் இவற்றின் உள் தெருக்களில் நடந்தால் வீடுகள் தெருவை ஒட்டியே நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுச்சுவர். வாசலில் திண்ணை, அதற்குக் கீழே இரண்டு படி, படிக்குக் கீழே தெரு. காற்றும் வெளிச்சமும் பக்கவாட்டிலிருந்து வராது, நடுமுற்றத்திலிருந்து வரும். தெரு பத்து, பன்னிரண்டு அடிதான் என்றாலும் எந்தத் தெருவும் ஒற்றை வாயோடு நிற்பதில்லை. ஒன்று அடைபட்டால் பக்கத்துச் சந்தில் புகுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். தச்சரும் தையல்காரரும் மளிகைக் கடைக்காரரும் வீட்டு முன்கட்டிலேயே தொழில் செய்தார்கள். திட்ட வரைபடம் எதுவும் இல்லாமல் வளர்ந்த இந்தத் தெருக்களில் மூன்று விஷயங்கள் கூடியிருந்தன: தெருவைப் பார்த்த வீடு, ஒன்றோடொன்று கலந்த பிழைப்பும் குடியிருப்பும், பல வழிகள். கட்டடம் எத்தனை மாடி என்பதைவிட இந்த மூன்றும்தான் ஓர் இடத்தை நகரமாக்குகின்றன என்று நம்புகிறேன்.

புறநகரில் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் வருவதில்லை. வந்த விதமும் இடத்துக்கு இடம் வேறு.

காட்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. பிறகு அது மேற்கே நீண்டபோது பாலாற்றின் வடகரையிலேயே போனது. வேலூரோ தென்கரையில் இருந்தது. அதனால் வேலூரின் பெரிய ரயில் நிலையம் வேலூரில் அமையாமல் ஆற்றுக்கு அக்கரையில், காட்பாடியில் அமைந்தது. காட்பாடி புறநகரானதற்கு விதை அந்த முடிவுதான். அப்புறம் வந்தது காந்தி நகர். நேர் தெருக்கள், கிழக்கு மேற்கு என்று பிரித்த பகுதிகள், மரங்கள், தோட்டம் வைத்த தனி வீடுகள். 1954-இல் ஆக்சீலியம் கல்லூரி வந்தது. ஓய்வு பெற்ற அதிகாரிகளும் ஆசிரியர்களும் விரும்பிக் குடியேறிய அமைதியான இடமாக அது பல பத்தாண்டுகள் இருந்தது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரியம் வேலையைத் தொடங்கியது. ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு, ஃபேஸ் மூன்று என்றே இன்றும் முகவரி சொல்கிறார்கள். வாரியக் குடியிருப்பு அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே பிளான். ஆனால் ஒரு நல்ல காரியம் அங்கே நடந்தது. முதல் வீட்டுக்கு அடித்தளம் போடுவதற்கு முன்பே தெருக்கள் மொத்தமாக வரையப்பட்டன. பள்ளிக்கு, பூங்காவுக்கு, கடைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பிறகு குடியிருந்தவர்கள் மாடி எடுத்தார்கள், முன்பக்கம் அறை இழுத்தார்கள், ஷட்டர் போட்டார்கள். ஒரே மாதிரி இருந்த வீடுகள் இன்று ஒன்றைப்போல ஒன்று இல்லை. மேலே இருந்த வீடு மாறிவிட்டது, கீழே இருந்த தெரு மாறவில்லை. கலெக்டர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் சத்துவாச்சாரிக்கு வந்தபோது அந்தக் கூட்டத்தைத் தாங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிமேல்தான் சிக்கலான பகுதி. காந்தி நகரும் வாரியக் குடியிருப்பும் போக மீதி வேலூர்ப் புறநகர் எப்படி உருவானது? தனியார் மனைப்பிரிவுகளால். 'லேஅவுட்', 'பிளாட் போடுவது' என்று பேச்சில் சொல்கிறோம். இதன் அளவை முடிவு செய்வது நகரமைப்பாளர் இல்லை, ஒரு விவசாயக் குடும்பத்தின் பாகப்பிரிவினை.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆற்று மணல் போய், கிணற்றில் தண்ணீர் கீழே போய், நெல் போட்டுக் கட்டுப்படியாகாத நிலையில், அண்ணன் தம்பி இருவர் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். சாலைக்கும் மற்றதற்கும் 30 சதவீதம் விட்டால்கூட ஓர் ஏக்கரில் 1,200 சதுர அடி மனைகள் இருபத்தைந்து கிடைக்கும். நடுவில் ஒரு சாலை, இரண்டு பக்கமும் மனைகள். 'முப்பதடி ரோடு, இருபத்துமூன்று அடி ரோடு' என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். கற்கள் நடுகிறார்கள். சாலை எங்கே முடிகிறது? நிலத்தின் வரப்பு எங்கே முடிகிறதோ அங்கே.

பக்கத்து நிலத்துக்காரர் நான்கு வருஷம் கழித்து விற்கிறார். அவருடைய வரப்பு வேறு கோணத்தில் இருக்கிறது. அங்கேயும் நடுவில் ஒரு சாலை, அது வேறு திசையில் இறங்குகிறது. முதல் மனைப்பிரிவின் சாலை முடிகிற இடத்தில் இரண்டாவது மனைப்பிரிவுக்காரரின் வீட்டுப் பின்சுவர் நிற்கிறது. இப்படியே பத்து, இருபது மனைப்பிரிவுகள். மேலே இருந்து பார்த்தால் முழுக்க வீடுகள் நிறைந்த நகரம். கீழே நடந்தால், எதிர்வீட்டு மாடியில் காயும் துணி கண்ணுக்குத் தெரியும், அந்த வீட்டுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றித்தான் போகவேண்டும். நூறு மீட்டர் தூரம் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. பால் வாங்கக்கூட ஸ்கூட்டரை எடுக்கும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். குற்றம் தெருவின் மேல்.

கழிஞ்சூர்ப் பக்கமோ அரியூர்ப் பக்கமோ போனால் கவனியுங்கள், நேர்கோடுகளுக்கு நடுவே ஒரு தெரு மட்டும் வளைந்து வளைந்து போகும். அந்த மாதிரித் தெரு பெரும்பாலும் பழைய வண்டிப்பாதையாகவோ வாய்க்கால் கரையாகவோ இருந்திருக்கும். மற்ற தெருக்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் பிறந்தவை, இது மட்டும் ஊருக்குப் பொதுவாக இருந்தது. அதனால்தான் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. டீக்கடை, சலூன், மெடிக்கல் ஷாப் எல்லாம் இதில்தான் வரும். புறநகரில் நகரம் முதலில் முளைப்பது அந்தக் கோணல் தெருவில்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் 1920-இலேயே வந்துவிட்டது. இன்று நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம், அதற்குக் கீழே பகுதிவாரியான விரிவான வளர்ச்சித் திட்டம் என்று அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. எந்தத் தெரு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று சொல்லவேண்டியது இரண்டாவது அடுக்கு. நடைமுறையில் நில விற்பனை ஓடிய வேகத்துக்கு அந்த அடுக்கு ஈடுகொடுக்கவில்லை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான மனைகள் கைமாறின. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, ஊரில் பாதிப் பேர் தங்கள் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி அனுமதி பெறலாம் என்றார்கள். பணம் கட்டியவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. முட்டுச் சுவரில் முடிந்த தெரு அப்படியே முடிந்து நின்றது. வரன்முறை காகிதத்தைச் சரிசெய்தது, தரையைச் சரிசெய்யவில்லை.

முறையாக அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளிலும் இதே குறை வேறு வடிவத்தில் உண்டு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் உள்ள நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் விற்க வசதிப்படாத மூலையில் ஒதுக்கப்படுகிறது. நான்கு மனைப்பிரிவுகள் நான்கு மூலையில் நான்கு துண்டு விட்டால் எதிலும் பிள்ளைகள் பந்து விளையாட முடியாது. அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் ஒதுக்கிடங்கள் ஒன்றையொன்று ஒட்டி வரவேண்டும் என்று மட்டும் வரைபடத்தில் பார்த்து அனுமதி கொடுத்திருந்தால், இன்று புறநகருக்கு நான்கைந்து நல்ல மைதானங்கள் கிடைத்திருக்கும். குஜராத்தில் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, தெருவும் பொது இடமும் வரைந்தபின் மீதியை உரியவர்களுக்கே திருப்பிப் பிரித்துக் கொடுக்கும் முறை பல காலமாக நடக்கிறது. பாகப்பிரிவினையை மீறி ஊரை வரைய அதுவும் ஒரு வழி.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் இந்த மாகாணத்தைச் சுற்றி வந்தார். 1915-இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தி, பல ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். நெரிசலான பழைய தெருக்களை இடித்து அகல வீதி போடுவதுதான் முன்னேற்றம் என்று அதிகாரிகள் நினைத்த காலம் அது. கெடிஸ் மறுத்தார். இடிப்பதை மிகக் குறைத்து, தேவையான இடத்தில் ஒரு பாழ்வீட்டை எடுத்து, ஒரு சந்து வழியைத் திறந்து, ஒரு சிறு வெளியை உண்டாக்கினாலே ஊர் மூச்சுவிடும் என்பது அவர் வாதம். பழைய நகரங்களுக்காகச் சொன்னது இன்று நம் புதிய மனைப்பிரிவுகளுக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. முட்டுச் சுவர் நிற்கும் இடத்தில் விற்காமல் கிடக்கும் ஒரே ஒரு மனையை மாநகராட்சி வாங்கி வழிவிட்டால் இரண்டு மனைப்பிரிவுகள் ஒன்றாகிவிடும். பத்தடி அகலம் போதும். கார் போகவேண்டாம், மனுஷர் நடந்தால் சரி, சைக்கிள் போனால் சரி. ஒரு மேம்பாலத்தின் செலவில் இப்படி எத்தனையோ வழிகள் திறக்கலாம்.

சரி, தெருவுக்கு அடுத்தது கட்டடம். புறநகர் வீட்டுக்கும் டவுன் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் காம்பவுண்டுச் சுவர். விதிப்படி முன்னாலும் பக்கத்திலும் இடம் விடவேண்டும். விடுகிறோம், அதைச் சுற்றிச் சுவரும் எழுப்புகிறோம். திண்ணை இருந்த இடத்தில் கேட் வந்துவிட்டது. இப்போது வரும் அடுக்குமாடிகளில் தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்த, அதாவது ஸ்டில்ட். ராத்திரி ஏழு மணிக்கு அந்தத் தெருவில் போனால் கண் மட்டத்தில் ஒரு ஜன்னல் வெளிச்சம்கூட இருக்காது. தூண்களும் கார்களும் மட்டும். நான்கு மாடியில் முப்பது குடும்பங்கள் இருந்தும் தெருவில் ஆள் இல்லை. ஒரு பெண்பிள்ளை டியூஷன் முடிந்து தனியாக நடந்து வர அம்மா யோசிக்கிறாள் என்றால், அந்தக் கட்டடம் எத்தனை உயரமாக இருந்தாலும் அது நகரக் கட்டடம் ஆகவில்லை.

இதற்கு மருந்தையும் ஜனங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். முன் அறையை இடித்து ஒரு ஷட்டர். மாவுக் கடை, ஜெராக்ஸ், தையல், பிளவுஸ் எம்பிராய்டரி, இஸ்திரிப் பெட்டி. சாயங்காலம் அந்த ஷட்டர் திறந்து டியூப்லைட் எரிந்தால் தெருவுக்கே துணை. குடியிருப்பு மண்டலத்திலும் சிறு கடைகளுக்கு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் விடவேண்டிய முன்வெளியில் கட்டும்போது அது விதிமீறலாகிறது. பழைய நகரப் பகுதிகளுக்கு 'தொடர் கட்டடப் பகுதி' என்ற வகை நம் விதிகளில் இருக்கிறது, அங்கே பக்கவாட்டில் இடம் விடாமல் சுவரோடு சுவராகக் கட்டலாம். வளர்ந்துவரும் புறநகர்களின் முக்கியத் தெருக்கள் சிலவற்றுக்கும் அந்த வகையை நீட்டினால், ஷட்டர் போடுபவர் ஒளிந்து போடவேண்டியதில்லை, தெருவுக்கும் ஒழுங்கான முகம் கிடைக்கும்.

வெயிலைச் சொல்லாமல் வேலூர்க் கட்டடத்தைப் பற்றிப் பேச முடியாது. கத்தரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர், 'வெயிலூர்' என்று பேர் எடுத்த ஊர். இங்கே மெயின் ரோட்டில் புதிதாக வரும் கட்டடங்கள் முகப்பு முழுக்கக் கண்ணாடியும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கொள்கின்றன. மேற்குப் பார்த்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் நடைபாதையில் நிற்பவர் முகத்தில் அடிக்கிறது. பழைய கட்டடத்தில் இருந்த தாழ்வாரத்துக்கு வெறும் அழகு மட்டும் நோக்கம் இல்லை. வாங்க வந்தவர் நிழலில் நிற்கவேண்டும், மழைக்கு ஒதுங்கவேண்டும். ஒவ்வொரு கடையும் தன் முன்வெளியை மூடிய தாழ்வாரமாக விட்டுக் கட்டினால் தெரு முழுக்க நிழலில் நடக்கலாம். பொது நிழல் இல்லாத தெருவில் மே மாதம் யாரும் நடக்க மாட்டார்கள், நடக்காத தெருவில் கடை நிற்காது.

பெரிய நிறுவனங்கள் புறநகரை ஒரே இரவில் மாற்றிவிடும் சக்தி கொண்டவை. சி.எம்.சி. மருத்துவமனை டவுன் நடுவே இருப்பதால் அதைச் சுற்றி லாட்ஜும் மருந்துக் கடையும் பெங்காலி மெஸ்ஸும் தெருவுக்குத் தெரு வந்தன. வி.ஐ.டி. 1984-இல் காட்பாடிக்கு வெளியே பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியபோது சுற்றிலும் வயல். இன்று பல மாநிலப் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகம். வளாகத்துக்குள் நல்ல சாலையும் மரமும் விடுதியும் எல்லாம் உண்டு. அதன் மதில் மட்டும் மிக நீளம். வாசல் இருக்கிற பக்கம் ஆந்திரா மெஸ், ஜூஸ் கடை, வாடகை அறை என்று நெருக்கியடித்துக்கொண்டு ஊர் வளர்கிறது. வாசல் இல்லாத பக்கம் மதிலும் முள்செடியும்தான். பெரிய வளாகம் எதுவானாலும், சுற்றுப்புறத்தை அது என்ன செய்யும் என்பது உள்ளே இருக்கும் கட்டடங்களைவிட வாசல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரம் சி.எம்.சி.யின் புதிய வளாகம் 2022-இல் திறந்தபின் அந்தப் பக்கமும் மனைக் கற்கள் முளைத்துவிட்டன. அங்கேயாவது தெருவை முதலில் வரைய நேரம் இருக்கிறது.

நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம், சத்துவாச்சாரிக்கு அது ஆறு. தண்ணீர் ஓடும் ஆற்றையாவது ஓடம் வைத்துக் கடக்கலாம். சுரங்கப்பாதைகளும் சர்வீஸ் ரோடும் வந்தபிறகுதான் இரண்டு பக்கத்தவரும் ஓரளவு போய்வர முடிகிறது.

தண்ணீர் என்றதும் ஏரிகள். வடாற்காட்டு ஊர்கள் ஏரியைச் சுற்றிப் பிறந்தவை. கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி, ஓட்டேரி, சதுப்பேரி. ஒன்று நிரம்பி வழிந்தால் கால்வாய் வழியாக அடுத்ததற்குப் போகும். மனைப்பிரிவு வரைபடத்தில் அந்தக் கால்வாய் ஒரு மெல்லிய கோடு. வருஷக்கணக்கில் தண்ணீர் வராததால் அதைத் தூர்த்து வாசல் வைத்தவர்கள் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஏரித் தண்ணீரும் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்தது. வழி மறித்தால் மனிதர் சுற்றிப் போவார்கள், தண்ணீர் சுற்றிப் போகாது. கால்வாயை விட்டுவைத்து, அதன் கரையை நடைபாதையாக்கி, வீடுகள் அதற்கு முதுகு காட்டாமல் முகம் காட்டும்படி கட்டியிருந்தால், முட்டுத் தெருக்களுக்கும் ஒரு பொது வழி கிடைத்திருக்கும், வெள்ளத்துக்கும் இடம் இருந்திருக்கும். பழைய வண்டிப்பாதையை விட்டால், வரப்புகளை வெட்டிச் செல்லும் கோடு கால்வாய்தான். மனைப்பிரிவுகளை இணைக்க அதைவிடத் தயாரான பாதை இங்கே எதுவும் இல்லை.

காட்பாடியில் எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஆளுயரச் சுவர் இருந்தது. மழையில் அதன் ஒரு பகுதி சரிந்தது. யாரும் திரும்பக் கட்டவில்லை. முதலில் பள்ளிப் பிள்ளைகள் செங்கல் மேல் ஏறித் தாண்டினார்கள். பிறகு யாரோ செங்கல்லை ஒதுக்கி வைத்து இரண்டு மூட்டை மண் கொட்டினார்கள். அந்த இடைவெளிக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா காலையில் இட்லி போட்டு விற்க ஆரம்பித்தார். இந்தப் பக்கத்து ஆட்களும் வாங்குகிறார்கள், அந்தப் பக்கத்து ஆட்களும் வாங்குகிறார்கள். போன முறை நான் போனபோது அவர் வீட்டு முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். "எங்கேயும் போகலை, இங்கேதான்" என்றார்.